தர்ட் பார்ட்டி அய்யாக்கண்ணு

அய்யாக்கண்ணு அரசியலுக்கு வந்தது அவருடைய கடைப் பலகையால். கொள்கை, லட்சியம், சமுதாயத் தொண்டு என்று பின்னால் பத்திரிகைகளில் என்னென்னவோ எழுதினார்கள், அத்தனையும் புளுகு. மனுஷர் பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் ஒரு இடுக்குக் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் இன்சூரன்ஸ் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். கடை வாசலில் மூன்று வரியில் ஒரு பலகை. மேல் வரி 'வாகன இன்சூரன்ஸ்', நடு வரி 'தர்ட் பார்ட்டி', கீழ் வரி 'ரோட் டேக்ஸ்'.

தொகுதியின் மக்கள் பிரதிநிதியான ஒய்.பி. திடீரென்று காலமானார். இடைத்தேர்தல் வந்தது. அந்தத் தொகுதி ஒரு தடவை குடைக் கட்சிக்குப் போகும், மறு தடவை விசிறிக் கட்சிக்குப் போகும். வேறெங்கும் போய்ப் பழக்கமில்லை. குடைக்காரர்கள் வந்து பலகையின் மேல் வரியை மறைத்துத் தங்கள் பதாகையைக் கட்டினார்கள். அன்று மாலையே விசிறிக்காரர்கள் வந்து கீழ் வரியை மறைத்துக் கட்டினார்கள். "கோவிச்சுக்காதீங்கண்ணே, ரெண்டு வாரந்தான்" என்று இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி சொல்லிவிட்டுப் போனது. நடு வரி மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் மோகனராஜ் மோட்டாரில் அந்தப் பக்கம் வந்தார். அவர் பினாங்கு ஜனநாயக விழிப்புணர்வுப் பேரவையின் நிரந்தரச் செயலாளர். 'மூன்றாம் தரப்பின் எதிர்காலம்: மாபெரும் கருத்தரங்கம்' என்று அழைப்பிதழ் அடித்துவிட்டார். குடைக் கட்சி வருகிறேன் என்றது, விசிறிக் கட்சியும் வருகிறேன் என்றது. மூன்றாம் தரப்புதான் கிடைக்கவில்லை. பதினொரு நாளாகத் தீவு முழுக்கத் தேடிக் களைத்துப் போயிருந்தவர், பலகையைப் பார்த்ததும் பிரேக் அடித்தார்.

"அண்ணே, தர்ட் பார்ட்டி நீங்கதானா?"

"ஆமா தம்பி, வாங்க, உட்காருங்க" என்றார் அய்யாக்கண்ணு.

"எத்தன வருஷமா?"

"இருபத்திரெண்டு வருஷமா."

"அலாமாக்! வெளியவே தெரியலையேண்ணே!"

"விளம்பரம்லாம் பண்றதில்லலா. வர்றவங்க தானா வருவாங்க."

"உங்க பக்கம் எத்தன பேரு இருப்பாங்க?"

"வருஷத்துக்கு ஆயிரத்து இருநூறு பேரு ரினியூ பண்றாங்க."

மோகனராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. வருஷம் தவறாமல் உறுப்பினர் பதிவைப் புதுப்பிக்கும் ஆயிரத்து இருநூறு பேர்! அவருடைய பேரவையில் அவரையும் அவர் மைத்துனரையும் சேர்த்து ஒன்பது பேர். எழுந்து நின்று கும்பிட்டு, அழைப்பிதழை இரண்டு கையாலும் நீட்டினார்.

அய்யாக்கண்ணு அதை வாங்கிப் படித்தார். ஏதோ வாகனப் பாதுகாப்புக் கூட்டம் போலிருக்கிறது என்று நினைத்தார். போகிற எண்ணம் அவருக்கு இல்லை. ஆனால் கீழே இரண்டு கட்சி வேட்பாளர்களின் பெயர்களும் இருந்தன. "இவங்க ரெண்டு பேரும் நேர்ல வராங்களா?" என்று கேட்டார். வருகிறார்கள் என்றதும் சம்மதித்துவிட்டார். அவருக்கு ஒரு லிப்ட் வேண்டியிருந்தது.

அவர் குடியிருந்த புளோக்கில் பதினாறு மாடி, இரண்டு லிப்ட். எட்டு மாதமாக இரண்டும் செத்துக் கிடந்தன. அவர் வீடு பதினொன்றாம் மாடியில். மனைவி ஜெகதீஸ்வரி முட்டி ஆபரேஷன் முடிந்து வீடு வந்த மறுவாரம் லிப்ட் நின்றது. வாரா வாரம் ஆஸ்பத்திரிக்கு வந்து காலை மடக்கி நீட்டிப் பழக வேண்டும், இல்லாவிட்டால் மூட்டு இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இறுகிக்கொண்டிருந்தது. பாசார் சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துச் சண்டை போட்டு வாங்கின அந்த அம்மாள், இப்போது ஜன்னல் வழியாகப் பாசார் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கருத்தரங்கம் லிட்டில் இந்தியாவில், குவீன் ஸ்திரீட் துணிக்கடை ஒன்றின் மேல்மாடியில் நடந்தது. மேடையில் இரண்டு சோபா, இரண்டு மைக். மூன்றாம் தரப்புக்குத் துணிக்கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் முக்காலி வந்தது. மதிப்பிற்குரிய, மாண்புமிகு, பெருமதிப்பிற்குரிய என்று விளித்து முடிக்க மோகனராஜுக்கு ஐம்பது நிமிஷம் ஆயிற்று. பிறகு பொன்னாடை போர்த்தினார்கள். குடைக்கு ஒன்று, விசிறிக்கு ஒன்று. மூன்றாவது பொன்னாடை இல்லாததால் அய்யாக்கண்ணுவுக்கு மேசை விரிப்பை மடித்துப் போர்த்தினார்கள்.

முதலில் குடைக் கட்சி வேட்பாளர், டத்தோ பட்டம் பெற்ற ரமணி பேசினார். "மூன்றாம் தரப்பை நான் மனமார வரவேற்கிறேன். ஜனநாயகத்துக்கு அது உயிர்நாடி. ஆகவே மூன்றாம் தரப்பில் இருக்கும் அனைவரும் உடனடியாக எங்கள் கட்சியில் சேர்ந்து, மூன்றாம் தரப்பை வலுப்படுத்த வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்."

கைதட்டல் ஓய்ந்ததும் விசிறிக் கட்சி வேட்பாளர் வழக்கறிஞர் சந்திரிகா எழுந்தார். "மக்களுக்குத் தேர்வு இருக்க வேண்டும். அதுதான் எங்கள் கொள்கை. அவர்கள் எங்களைத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது தவறு செய்யலாம். இந்த இரண்டு தேர்வையும் பறிக்க நாங்கள் யாரையும் அனுமதிக்க மாட்டோம்."

அய்யாக்கண்ணுவின் முறை வந்தது. மைக் இரண்டுதான், இரண்டும் சோபாக்காரர்கள் கையில் இருந்தன. மனுஷர் தொண்டையைச் செருமிக்கொண்டு தெரிந்ததைச் சொன்னார். "தர்ட் பார்ட்டின்னா பெரிய விஷயம் ஒண்ணும் இல்லங்க. ஒப்பந்தம் போடுறது ரெண்டு பேரு. கையெழுத்து போடுறதும் அவங்க ரெண்டு பேருதான். ரோட்ல சும்மா போய்க்கிட்டு இருக்கான் பாருங்க ஒருத்தன், அடிபடுறவன், அவன்தான் தர்ட் பார்ட்டி."

கூடத்தில் கூரை இடிகிற மாதிரி கைதட்டினார்கள். பின் வரிசையில் விசில் பறந்தது. "சரியாச் சொன்னாருடா!" என்று ஒருவர் நாற்காலி மேல் ஏறிக் கத்தினார். அய்யாக்கண்ணுவுக்கு ஒன்றும் புரியவில்லை. இருபத்திரண்டு வருஷமாக இதைத்தான் சொல்கிறார், ஒருத்தரும் கைதட்டினதில்லை. சத்தம் அடங்கியதும் தான் வந்த காரியத்தைக் கேட்டார்.

"எங்க புளோக்கு லிப்ட் எப்பங்க ஓடும்?"

"அந்த லிப்டைப் போட்டது நாங்கள்!" என்று ரமணி துள்ளி எழுந்தார். "எங்கள் காலத்தில் ஓடியது. நின்றது அவர்கள் காலத்தில்!"

"எங்கள் காலத்தில் நின்றது உண்மைதான்" என்றார் சந்திரிகா. "ஆனால் நிற்கப் போகிற லிப்டாகப் பார்த்துப் போட்டது யார்?"

இதில் மேலும் முக்கால் மணி நேரம் போயிற்று. கடைசியில் தேசிய கீதம் பாடி, மீகூன் நூடுல்ஸ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை டத்தோ ரமணி கடைக்கு வந்தார், பின்வாசல் வழியாக. "அண்ணே, நீங்க தேர்தல்ல நிக்கணும். எல்லா ஏற்பாடும் நான் பண்றேன். நீங்க நின்னா விசிறி ஓட்டு உடையும். நான் ஜெயிச்ச மறுநாளு உங்க லிப்ட் ஓடும்."

அவர் போய் அரை மணி நேரத்தில் சந்திரிகா வந்தார், அவரும் பின்வாசல்தான். "அண்ணே, நீங்க நில்லுங்க. குடை ஓட்டு உடைஞ்சிரும். உங்க லிப்டுக்கு நான் பொறுப்பு."

அய்யாக்கண்ணு பதினொரு மாடி ஏறிப்போய் மூச்சு வாங்க மனைவியிடம் சொன்னார். "என்னா பண்ணட்டும்? எனக்கு இதெல்லாம் சூசாலா, ரொம்பக் கஷ்டம். நான் என்னத்தக் கண்டேன்?"

"எட்டு மாசமா நான் உட்கார்ந்தே கெடக்கறேன். நீங்க ரெண்டு வாரம் நின்னா என்னா, காலா ஒடிஞ்சிரும்?" என்றார் ஜெகதீஸ்வரி.

நின்றார். மனுத்தாக்கலன்று சின்னம் ஒதுக்கும் அதிகாரி பட்டியலை நகர்த்தினார். மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று: தங்ஙா. மலாயில் ஏணிக்கும் அதுதான் பெயர், படிக்கட்டுக்கும் அதுதான் பெயர். "ஐயா, லிப்ட் கேட்டு நிக்கிறேன். எங்க புளோக்குல ஏற்கெனவே இது ஒண்ணுதான் இருக்கு" என்று அய்யாக்கண்ணு தனக்குத் தெரிந்த மலாயில் கெஞ்சினார். "அப்படியானால் வாக்காளர்களுக்கு நன்கு பழக்கமான சின்னம்" என்று அதிகாரி வாழ்த்தி, கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

பிரசாரம் தொடங்கியது. படிக்கட்டு வேட்பாளருக்கு டத்தோ ரமணி ஆள் வைத்து ரகசியமாகச் சுவரொட்டி அடித்தார். சந்திரிகாவும் ஆள் வைத்து ரகசியமாக அடித்தார். ஒரே வாரத்தில் ஜெலுத்தோங் முழுவதும் மேசை விரிப்பு போர்த்திய அய்யாக்கண்ணு சிரித்துக்கொண்டிருந்தார். குடைக்கும் விசிறிக்கும் சேர்த்து அத்தனை சுவரொட்டி இல்லை. புளோக்குக்குக் கீழே மீ நூடுல்ஸ் கடை வைத்திருந்த சுலைமான், பால்ய சிநேகிதர், கரண்டியும் கையுமாக வந்து நின்றார். "டேய், லாட்டரி கீட்டரி அடிச்சிருச்சா உனக்கு?" அய்யாக்கண்ணு பிரசாரம் என்று செய்தது, கடைக்கு ரினியூ பண்ண வந்தவர்களிடம் லிப்டைப் பற்றிப் புலம்பியது மட்டும்தான்.

அந்தப் புலம்பல்தான் வினையாயிற்று. தொகுதியில் எல்லா அடுக்குமாடியிலும் ஏதாவது ஒரு லிப்ட் செத்துக் கிடந்தது. சனங்கள் அவரைப் பார்த்து லேசாகத் தலையாட்டத் தொடங்கினார்கள். அது கட்சிகளின் காதுக்குப் போனதும், சரித்திரத்தில் முதல் தடவையாகக் குடையும் விசிறியும் கூட்டாக நிருபர்களைச் சந்தித்தன. இரண்டு வேட்பாளரும் ஒரே காகிதத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே குரலில் வாசித்தார்கள்: "மூன்றாம் தரப்புக்குப் போடும் ஒவ்வொரு ஓட்டும் எதிரிக்குப் போடும் ஓட்டு!" எந்த எதிரிக்கு என்று ஒரு நிருபர் கேட்டார். இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள்.

லிப்டும் சும்மா இருக்கவில்லை. இரண்டு கட்சியும் ஆளுக்கொரு மெக்கானிக்கை அனுப்பின. குடை மெக்கானிக் இடது லிப்டைத் திறந்து பார்த்து, தான் சரிசெய்தால் விசிறிக்காரன் பெயர் வாங்கிக்கொள்வான் என்று, ஒரு பாகத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனார். விசிறி மெக்கானிக் வலது லிப்டில் அதையே செய்தார். இடது கதவில் 'விரைவில்' என்று ஒரு பதாகை தொங்கியது. வலது கதவில் 'மிக விரைவில்'. நடுவில் படிக்கட்டு. அய்யாக்கண்ணு அங்கே நின்று இரண்டு பதாகையையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பிக் கெட்டோமே என்று அன்றைக்குத்தான் அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. அன்று மாலை ஒவ்வொரு மாடியாக ஏறி, கதவு கதவாகத் தட்டி, "எனக்கே போடுங்கலா" என்று கேட்டார்.

ஓட்டுப் போடும் நாள். வாக்குச்சாவடி எதிர்ப் பள்ளிக்கூடத்தில். நடக்க முடியாதவர்களை இறக்கிக்கொண்டு போக இரண்டு கட்சியும் நாற்காலிப் படை அமைத்திருந்தன. ஆளுக்கொரு நிறத்தில் சட்டை, தொப்பி. நாற்காலிக்கு இரண்டு பேர். ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒரே கேள்வி.

"குடையா, விசிறியாக்கா?" என்று முதலில் வந்த குடைப் படை கேட்டது.

"படிக்கட்டு" என்று ஜெகதீஸ்வரி உண்மையைச் சொன்னார்.

"அப்ப படிக்கட்டுலயே எறங்கி வாங்க" என்று சொல்லிவிட்டு அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

பத்து நிமிஷத்தில் விசிறிப் படை வந்தது. "விசிறிதாந்தம்பி, வேறென்னா? சட்டுனு தூக்குங்க" என்றார் ஜெகதீஸ்வரி.

விசிறித் தொப்பியோடு நாற்காலியில் வந்து இறங்கிய மனைவியைப் பார்த்ததும் அய்யாக்கண்ணு அழுதுவிட்டார். எட்டு மாதம்! வெயிலில் அவர் முகம் எவ்வளவு வெளுத்துப் போயிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. "அழுதுகிட்டு நிக்காதீங்க, மானம் போவுது" என்று அதட்டிய ஜெகதீஸ்வரி, சுலைமானின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து போய் ஓட்டுப் போட்டார். அப்படியே பாசாருக்கும் போய், செவுளைத் தூக்கிப் பார்த்து, மீன்காரனோடு ஒரு மூச்சு சண்டை போட்டு, ஒரு கிலோ கெம்போங் மீன் வாங்கிக்கொண்டு வந்தார். அத்தனை சந்தோஷமாக அவரை அய்யாக்கண்ணு வெகுநாளாகப் பார்க்கவில்லை.

ஆறு மணிக்கு வாக்குச்சாவடி மூடியது. நாற்காலிப் படைகள் இரண்டும் சட்டையைக் கழற்றிவிட்டு மாயமாயின. படிக்கட்டின் அடியில், வரிசையாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில், ஜெகதீஸ்வரியோடு சேர்த்து, காலையிலிருந்து இறக்கப்பட்ட முப்பத்தேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். குடைத் தொப்பி, விசிறித் தொப்பி, ஊன்றுகோல், மூத்திரப் பை, மருந்துப் பொட்டலம். மேலே ஏற்றிவிட ஆள் இல்லை.

அய்யாக்கண்ணு குடைக் கட்சியின் தேர்தல் அறைக்கு ஓடினார். அங்கே இருந்த பொறுப்பாளர் நிதானமாக விளக்கினார். "அண்ணே, எறக்குறது தேர்தல் வேல. ஏத்துறது பராமரிப்பு. பராமரிப்பு எங்க பிரிவுல வராது." விசிறிக் கட்சி அறைக்கு ஓடினார். "ஏத்துறதுக்குன்னு ஒரு திட்டம் இருக்குண்ணே. அடுத்த பொதுத்தேர்தல் அறிக்கையில வருது" என்றார்கள்.

நன்றாக இருட்டிய பிறகு முடிவு வந்தது. குடை நானூற்றுச் சொச்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. படிக்கட்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் விழுந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் ரமணியின் வெற்றி லோரி ஒலிபெருக்கியோடு புளோக்குக்குள் நுழைந்தது. வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைக் கண்டதும் ரமணி நெகிழ்ந்துபோனார். லோரியை நிறுத்தச் சொல்லி மைக்கைப் பிடித்தார்.

"அன்புள்ளங்களே! ஓட்டுப் போட்டோமா, போனோமா என்றில்லாமல், என் நன்றியுரையைக் கேட்க இந்நேரம் வரை காத்திருக்கிறீர்களே! மக்கள் மூன்றாம் தரப்பை நிராகரித்துவிட்டார்கள் என்பதற்கு இந்தக் கூட்டமே சாட்சி!"

"ஒய்.பி., எங்கள மேல தூக்கி விடுங்க ஒய்.பி.!" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் கெஞ்சியது.

"தூக்கிவிடுவேன்!" என்று ரமணி முழங்கினார். "அதற்காகத்தானே வந்திருக்கிறேன்! அடித்தட்டில் இருக்கும் ஒவ்வொருவரையும் மேலே கொண்டு வருவேன்! ஒருவரையும் கீழே விட மாட்டேன்!"

லோரி பாட்டுப் போட்டுக்கொண்டு போயிற்று. அதன் புழுதி அடங்குவதற்குள் சந்திரிகாவின் கார் வந்தது. அவர் அழுதுகொண்டே பேசினார். தோற்றதற்குக் காரணம் அய்யாக்கண்ணு என்ற துரோகி என்றார். "தோல்வியிலும் நீங்கள் என்னைக் கைவிடவில்லை. நான் பேசி முடிக்கும்வரை உங்களில் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. இந்த விசுவாசத்தைச் சாகும்வரை மறக்க மாட்டேன்" என்று கும்பிட்டுவிட்டு அவரும் போய்விட்டார்.

சுலைமான் அடுப்பை அணைத்துவிட்டுக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "நாற்காலிக்கு ரெண்டு பேருதான வேணும்? வாடா" என்றார். அய்யாக்கண்ணு போய் ஜெகதீஸ்வரியின் நாற்காலியைப் பிடித்தார். அந்த அம்மாள் அவர் கையைத் தட்டிவிட்டார்.

"என்னையக் கடைசியா ஏத்துங்க."

"என்னாடி பேசற, காலு எப்படி வீங்கியிருக்கு பாரு!"

"வீங்கட்டும். மொதல்ல பொண்டாட்டியத் தூக்குனா நீங்களும் கட்சியாயிருவீங்க. அதோ, பதினாறாம் மாடி அப்துல் அஜீஸண்ணன் மத்தியானத்துலேருந்து ஒண்ணுமே சாப்பிடல. அவரத் தூக்குங்க."

அப்துல் அஜீஸ் தலையில் குடைத் தொப்பி இருந்தது. இருவரும் தன்னை நோக்கி வருவதைப் பார்த்ததும் கிழவர் கூச்சத்தோடு அதைக் கழற்றி எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் தவித்தார்.

"தொப்பி கெடக்கட்டும்ணே" என்றார் அய்யாக்கண்ணு. "கைப்பிடியக் கெட்டியாப் புடிச்சுக்குங்க." ஆளுக்கொரு பக்கம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, இருவரும் முதல் படியில் கால் வைத்தார்கள்.